ஆளைக் கொண்டு வா!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், செட்டியார்பட்டி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தா என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, "லேத் மெஷினைப் பற்றி எழுது, இல்லாட்டி வேலைவாய்ப்பைப் பற்றி எழுது" என்றுதான் சொன்னார்கள். இரண்டையும் எழுத நம்மிடையே என்னைவிடத் திறமையான நண்பர்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரு காகிதத்தைப் பற்றி. அந்தக் காகிதத்துக்குப் பெயர் ஆட்கொணர்வு மனு. கோர்ட்டு வராந்தாவில் அதை 'ஹேபியஸ் கார்பஸ்' என்பார்கள். "இதெல்லாம் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்க வேண்டியது, நமக்கெதுக்கு?" என்று நினைக்கிறீர்களா? நானும் முதலாம் ஆண்டில் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்... என் பெரியம்மா ஒரு கட்டுக் காகிதத்தை என் மடியில் கொண்டுவந்து வைக்கும் வரை!

பெரியம்மா கொண்டுவந்த கட்டு

நம்ம ஊரைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் தையல் மெஷின் சத்தம் கேட்கும். இங்கே தைக்கிற நைட்டிகள் ஊர் ஊராகப் போகின்றன. என் பெரியம்மாவும் பீஸ் கணக்குக்குத் தைக்கிறவர்தான். அவர் மகன், என் அண்ணன், கட்டிங் மாஸ்டர். கூலி கொஞ்சம் கூடக் கிடைக்கிறது என்று வேறொரு மாவட்டத்துக்கு வேலைக்குப் போனான்.

போன இடத்தில் ஒரு டீக்கடை வாசலில் அடிதடி. அண்ணன் உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. கோபக்காரன். அவன் மேல் ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது. போலீஸ் பிடித்தது, ரிமாண்ட் செய்தது. ஜாமீன் எடுக்கலாம் என்று வக்கீலைப் பார்த்துக் கொண்டிருக்கும்போதே தகவல் வந்தது: "குண்டாஸ் போட்டாச்சு!"

சில நாள் கழித்துப் பெரியம்மா அந்தக் கட்டோடு வந்தார். 200 பக்கத்துக்கு மேல் இருக்கும். அவனை ஏன் அடைத்தோம் என்று அதிகாரிகள் சொல்லும் காரணங்களும், அதற்கு ஆதாரமான நகல்களும். "படிச்ச புள்ள நீ, இதுல என்ன போட்டுருக்குன்னு பாத்துச் சொல்லுய்யா" என்றார். பார்த்தேன். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, பாதிப் பக்கம் கறுப்பு மசி. மீதியில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்... கோர்ட்டு விசாரணை இல்லாமலே ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம்!

பெரியம்மா ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். காதில் கிடந்ததை அடகு வைத்துத்தான். மனு வெற்றி பெற்றது. அண்ணன் வீட்டுக்கு வந்தான். ஆனால் வந்தது ஏழாவது மாதம்! பெரியம்மா அரசுக்கு அனுப்பிய முறையீட்டைப் பரிசீலிக்க எடுத்துக்கொண்ட நாட்களுக்கு அதிகாரிகளால் சரியான விளக்கம் சொல்ல முடியவில்லை என்பதுதான் உத்தரவு ரத்தானதற்குக் காரணம். அவன் குற்றவாளியா, இல்லையா என்று அந்த ஏழு மாதத்தில் யாரும் கேட்கவே இல்லை. அந்த அடிதடி வழக்கு தனியாக இன்னும் நடந்து கொண்டிருக்கிறது. இதற்கிடையில் தவணையில் வாங்கிய ஓவர்லாக் மெஷினைப் பைனான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஜெயிச்சிட்டோம்லா பெரியம்மா!" என்று நான் சொன்னேன். பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏழு மாசத்த யாருய்யா திருப்பித் தருவா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

அந்தக் காகிதம் என்ன கேட்கிறது?

ஹேபியஸ் கார்பஸ் என்பது லத்தீன் சொல். 'உடலைக் கொண்டு வா' என்று பொருள். ஒரு மனிதனைப் பிடித்து வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் சரி, இன்ஸ்பெக்டராக இருந்தாலும், ஜெயிலராக இருந்தாலும், தனி ஆளாக இருந்தாலும், "அவனை என் முன்னால் கொண்டு வா, எந்தச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறாய் என்று சொல், சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடு!" என்று நீதிபதி உத்தரவு போடுவதுதான் இது. இங்கிலாந்தில் 1679-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஜேம்ஸ் சோமர்செட் என்ற அடிமையைச் சங்கிலியில் கட்டிக் கப்பலில் வைத்திருந்தபோது, 1772-ல் அவரை மீட்டதும் இதே ரிட்தான்.

நம் அரசியல் சட்டத்தில் இதற்கு இரண்டு வாசல்கள். 226-வது பிரிவின்படி உயர் நீதிமன்றம். 32-வது பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றம். மாநில அரசு ஒருவரை அடைத்தாலும் அவர் டில்லிக்குப் போய் நியாயம் கேட்கலாம். மற்ற ரிட்டுகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உள்ளே இருப்பவரே மனு போட வேண்டும் என்பதில்லை. அப்பா போடலாம், மனைவி போடலாம், கூடப் படிக்கிற நண்பனும் போடலாம். ஏனென்றால் உள்ளே இருப்பவன் கையில் பேனா இருக்காது!

சட்டம் தெரிந்த பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் வொர்க்‌ஷாப் மொழியில் சொல்வதானால் இது பாய்லரில் இருக்கிற சேஃப்டி வால்வு. அழுத்தம் எல்லை மீறினால் அந்த நிமிஷமே திறக்க வேண்டும். ஏழு மாதம் கழித்துத் திறக்கிற சேஃப்டி வால்வை நம் லேப் இன்ஸ்ட்ரக்டர் ஏற்றுக்கொள்வாரா?

நம்மைப் போல் ஒரு மாணவன்

நண்பர்களே, இந்த மனுவின் வரலாற்றில் நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர் ராஜன். நம்மைப் போலவே தொழில்நுட்பம் படித்தவர். நம் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தார். நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். காயண்ணா என்ற ஊரில் போலீஸ் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கினார்கள். அதைத் துப்புத் துலக்குகிறோம் என்று போலீசார் வலை வீசினார்கள். 1976 மார்ச் 1-ம் தேதி காலையில் கல்லூரி விடுதிக்கு வந்து ராஜனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கக்கயம் என்ற இடத்தில் இருந்த போலீஸ் முகாமுக்குக் கொண்டு போனார்கள். அதோடு சரி!

அவருடைய தந்தை ஈச்சர வாரியர், ஹிந்திப் பேராசிரியர். மகன் எங்கே என்று கேட்டு அவர் ஏறாத படியில்லை. மனு மேல் மனு. பதில் இல்லை. 1977 மார்ச் 21-ல் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. நான்கே நாளில், மார்ச் 25 அன்று, கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அரசுத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? "அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை!"

அங்கேதான் நண்பர்களே, கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர்கள் யார்? ராஜனோடு படித்த மாணவர்கள்! அந்தக் கல்லூரியின் முதல்வர்! "ஆமாம், பிடித்துக்கொண்டு போனார்கள், பார்த்தோம்" என்றார்கள். நெருக்கடி நிலையின் பயம் இன்னும் மனதை விட்டுப் போகாத நேரம். நமக்கெதுக்கு வம்பு என்று அவர்கள் இருந்திருந்தால் அந்தத் தந்தையின் மனு வெறும் காகிதமாகத்தான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 13-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் சுப்ரமணியன் போற்றியும் காலித்தும், ராஜன் போலீஸ் காவலில்தான் இருந்தார் என்று முடிவு செய்து, அவரைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தும்படி உத்தரவிட்டார்கள். மனு போட்டதிலிருந்து தீர்ப்பு வரை எத்தனை நாள்? 19 நாள்! சாட்சிகளை விசாரித்து, அரசு சொன்னது பொய் என்று கண்டுபிடிக்க 19 நாள் போதுமாக இருந்தது. அந்த ஏப்ரல் மாதமே முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் உள்துறை அவர் பொறுப்பில்தான் இருந்தது.

ஆனால் ராஜன் வரவில்லை. போலீஸ் காவலிலேயே இறந்துவிட்டார் என்று அரசு பிறகு ஒப்புக்கொண்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. ஈச்சர வாரியர் 2006-ல் கண்ணை மூடும் வரை மகனுக்குக் கொள்ளி போட முடியாத தந்தையாகவே வாழ்ந்தார். 'உடலைக் கொண்டு வா' என்று சொல்லும் ரிட்டுக்குக் கொடுக்க உடலே இல்லாமல் போயிற்று! 1976 மார்ச் முதல் வாரத்திலேயே அந்த மனுவைப் போட்டு விசாரிக்க வழி இருந்திருந்தால்...?

ஏன் வழி இல்லை?

அந்த நாளில் வழியை அடைத்தது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நெருக்கடி நிலையில் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானவர்களை மிசா சட்டத்தில் அடைத்தார்கள். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்ட பின் சென்னை மத்திய சிறை நிரம்பியது. பல மாநிலங்களிலும் கைதிகள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள், "விசாரிக்கலாம்" என்றன. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. 1976 ஏப்ரல் 28-ல், ஜபல்பூர் வழக்கு என்று சொல்லப்படுகிற அந்த வழக்கில், ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், நெருக்கடி நிலை இருக்கும் வரை இந்த மனுவைப் போடும் உரிமை யாருக்கும் கிடையாது என்று தீர்ப்பளித்தார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் மறுத்தார். நீதிபதி எச்.ஆர். கன்னா. விசாரணையின்போது அவர் அரசு வக்கீலிடம், ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடக் கோர்ட்டுக்கு வர முடியாதா என்ற பொருளில் கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும் வரை முடியாது என்பதுதான் வந்த பதில்! கன்னா மறுப்புத் தீர்ப்பு எழுதினார். விலையும் கொடுத்தார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி மூப்புப்படி அவருக்கு வர வேண்டியது. அவரைத் தாண்டி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. கன்னா ராஜினாமா செய்தார்.

அந்தத் தவறு திருத்தப்பட்டது. 1978-ல் வந்த 44-வது திருத்தத்தின்படி, உயிருக்கும் தனி மனித சுதந்திரத்துக்கும் உறுதி தரும் 21-வது பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாகவே சொன்னது. அப்படி எழுதிய நீதிபதி டி.ஒய். சந்திரசூட் யார் தெரியுமா? 1976-ல் அந்த நால்வரில் ஒருவராக இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்! நல்லதுதான். ஆனால் 41 வருஷம் ஆயிற்றே! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

பென்சிலும் போதும்

இந்த ரிட்டுக்குப் பெரிய வக்கீல் வேண்டும், தடித்த சட்டப் புத்தகம் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். டில்லி திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா என்ற கைதி, இன்னொரு கைதியை ஒரு வார்டர் பணத்துக்காகச் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம்தான்! அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு 1979-ல் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். சிறைக்குள் போனாலும் மனிதனின் உரிமைகள் வாசலிலேயே கழன்று விழுந்துவிடுவதில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

கடல் கடந்தும் பார்ப்போம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலச் சிறையில் இருந்தார் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை. பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றில் புகுந்து திருடியதாக வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லை. கோர்ட்டும் வக்கீல் தரவில்லை. ஐந்து ஆண்டு தண்டனை. மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு போட்டார், தள்ளுபடி ஆயிற்று. சிறைக் காகிதத்தில் பென்சிலால் எழுதி நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, ஏழைக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்றார்கள். மறு விசாரணையில் வக்கீல் வைத்து வாதாடி கிடியன் விடுதலையானார்!

அந்த நாட்டிலும் வாசல் குறுகித்தான் போயிற்று. மாநிலச் சிறைக் கைதி மத்திய நீதிமன்றத்தில் இந்த மனுவைப் போட ஒரு வருஷம்தான் கெடு என்று 1996-ல் சட்டம் கொண்டு வந்தார்கள். அங்கே கடிகாரம் கைதிக்கு எதிராக ஓடுகிறது. இங்கே நம் நாட்டில் மனு போடக் கெடு கிடையாது. ஆனால் போட்ட மனுவுக்கு இத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்ற கெடுவும் கிடையாது!

நம் வீட்டுச் சட்டம்

விசாரணை இல்லாமல் அடைத்து வைப்பதைத் தடுப்புக் காவல் என்கிறோம். இது வெள்ளைக்காரன் விட்டுப் போன பழக்கம் மட்டுமல்ல, நம் அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. சாதாரணமாக ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும். தடுப்புக் காவலுக்கு இந்த இரண்டும் இல்லை.

அரசியல் சட்டம் அமலுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையிலேயே இது பரீட்சைக்கு வந்தது. அன்றைய சென்னை மாநிலச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் நேராக உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 1950 மே 19-ல் தீர்ப்பு. அடைத்ததற்கான காரணத்தைக் கோர்ட்டில்கூட வெளியிடக் கூடாது என்றிருந்த ஒரு பிரிவை மட்டும் ரத்து செய்துவிட்டு, மற்றபடி தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். அன்று மறுத்து எழுதிய நீதிபதி பசல் அலியின் கருத்து, பல ஆண்டுகளுக்குப் பின்னால்தான் மதிப்புப் பெற்றது. கோபாலன் 1952-ல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நேற்று நாட்டுக்கு ஆபத்து என்று அடைக்கப்பட்டவர், மறுநாள் நாட்டின் சட்டசபையில்!

நம் மாநிலத்தில் மக்கள் வாயில் புழங்கும் குண்டர் சட்டம் 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள் என்று தொடங்கிய பட்டியல் பிறகு வளர்ந்தது. திருட்டு வீடியோவும் மணல் கடத்தலும் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போடலாம். ஐந்து நாளில் காரணத்தைக் கொடுக்க வேண்டும். 12 நாளில் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்தில் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும்; ஏழு வாரத்தில் கழகம் கருத்துச் சொல்ல வேண்டும். அங்கே வக்கீல் வைத்து வாதாட முடியாது. அதிகபட்சம் 12 மாதம்.

பாருங்கள், எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு இருக்கிறது. கடைசிப் புகலிடமான ஆட்கொணர்வு மனுவுக்கு மட்டும் நாள் கணக்கு இல்லை. மனுக்கள் குவிகின்றன, வரிசையில் நிற்கின்றன, வரிசை வருவதற்குள் வருஷத்தில் பாதி ஓடிவிடுகிறது. பிறகு உத்தரவு ரத்தாகிறது. இதற்குப் பெயர் வெற்றியா?

இந்தச் சட்டம் யார் மேல் பாயும் என்று நமக்கே தெரியாது. 2017 ஜூலையில் சேலத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒரு மாணவி மேல் பாய்ந்தது. மண்ணையும் விவசாயத்தையும் காக்க நடந்த போராட்டத்தை ஆதரித்த பிரசுரம் அது. தந்தை போட்ட ஆட்கொணர்வு மனுவை விசாரித்துச் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. நாடே பேசிய வழக்கு, அதனால் இரண்டு மாதத்தில் முடிந்தது. பேர் தெரியாத கட்டிங் மாஸ்டருக்கு ஏழு மாதம்!

மாநிலச் சிறையிலிருந்து டில்லி வரை போய் நியாயம் பெற்றவர்களும் உண்டு. காலாவதியான மருந்துகளுக்குப் புது லேபிள் ஒட்டி விற்றதாகத் தமிழ்நாட்டில் ஒருவரைக் குண்டர் சட்டத்தில் அடைத்தார்கள். அவர் மனைவி போட்ட மனு இங்கே தள்ளுபடி ஆயிற்று. உச்ச நீதிமன்றம் போனார். 'ரேகா எதிர் தமிழ்நாடு அரசு' என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் 2011 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்: சாதாரணக் குற்றச் சட்டமே நிலைமையைச் சமாளிக்கப் போதுமென்றால் தடுப்புக் காவல் செல்லாது. குற்றம் செய்தால் வழக்குப் போடு, நிரூபி, தண்டனை வாங்கிக் கொடு. அதுதான் நேர் வழி.

1999-ல் இன்னொரு தமிழ்நாட்டு வழக்கு. அடைக்கப்பட்டவருக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். உத்தரவுக்கு ஆதாரமான ரிமாண்ட் ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழாக்கம் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் உத்தரவையே ரத்து செய்தது. படித்துப் புரிந்துகொள்ள முடியாத காரணம் காரணமே அல்ல! கறுப்பு மசியாக இருந்த அந்த ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த எனக்கு, இந்தத் தீர்ப்பைப் படித்தபோது ஏற்பட்ட ஆறுதலைச் சொல்ல முடியாது.

"ரவுடிக்கு வக்காலத்தா?"

இதைப் படிக்கிற நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. என் அறை நண்பனே கேட்டான்: "ஏய்யா, தெருவுல அருவா தூக்கிக்கிட்டு அலையுறவன உள்ள வச்சாத்தான ஊரு நிம்மதியா தூங்கும்? அவனுக்கு நீ வக்காலத்தா?"

நியாயமான கேள்வி. ரவுடித்தனத்தால் அடிபடுகிறவர்களும் ஏழைகள்தான். கடைவீதியில் மாமூல் கேட்டு மிரட்டுகிறவனை நானும் பார்த்திருக்கிறேன். பயந்துபோன கடைக்காரர் சாட்சி சொல்ல வர மாட்டார், வழக்கு நிற்காது, அதனால்தான் குண்டாஸ் போடுகிறோம் என்று போலீசார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். உண்மையான ரவுடியை ஒழுங்காக விசாரித்து, சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுத்து, தண்டனை வாங்கிக் கொடுத்தால் அவன் பல வருஷம் உள்ளே இருப்பான். குண்டாஸில் போட்டால் அதிகபட்சம் ஒரு வருஷம், அதுவும் அவசரத்தில் தயாரித்த கட்டில் ஒரு பக்கம் விட்டுப் போனால் நடுவிலேயே வெளியே வந்து, "என்னைய ஒண்ணும் பண்ண முடியலைல்லா?" என்று மார்தட்டுவான். அப்படியானால் இந்தக் குறுக்கு வழியால் ஊருக்கும் நிம்மதி இல்லை, தவறாகப் பிடிபட்டவனுக்கும் நியாயம் இல்லை. யாருக்குத்தான் லாபம்? விசாரணை செய்கிற வேலை மிச்சமானவர்களுக்கு!

இன்னொன்று. ஆட்கொணர்வு மனு கெட்டவனை விடுதலை செய்கிற கருவி அல்ல. அது கேள்வி கேட்கிற கருவி. பதில் இருந்தால் கோர்ட்டே "உள்ளே வை" என்று சொல்லிவிடும். பதில் இருக்கிறவர்கள் கேள்விக்கு ஏன் பயப்பட வேண்டும்? நல்லவனுக்கு மட்டும்தான் இந்த உரிமை என்று வைத்தால், எவன் நல்லவன் என்பதை முடிவு செய்யப் போகிறவர் பிடித்தவராகவே இருப்பார். ராஜனைப் பிடித்தவர்களும் அவரைத் தீவிரவாதி என்றுதான் நினைத்தார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தவறிருந்தால் ஆசிரியப் பெருமக்கள் மன்னிக்க.

ஒன்று: ஆட்கொணர்வு மனுவுக்கு நாள் கெடு வேண்டும். கேரளத்தில் 1977-ல் 19 நாளில் முடிந்தது. அதைவிடச் சிக்கலான வழக்கு வேறென்ன இருக்கப் போகிறது? தென் மாவட்ட மக்களுக்காக 2004 ஜூலை 24 முதல் மதுரையிலேயே உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது. அதற்கு முன்னெல்லாம் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும். தூரத்தைக் குறைத்த நாடு காலத்தையும் குறைக்க வேண்டாமா? போதிய நீதிபதிகளை நியமித்து, ஒரு மாதத்துக்குள் முடிவு என்று சட்டமே சொல்ல வேண்டும்.

இரண்டு: படிக்க முடியாத நகலும், தாமதமான பரிசீலனையும் திரும்பத் திரும்பக் காரணமாகி உத்தரவுகள் ரத்தாகும்போது, கையெழுத்துப் போட்டவரிடம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். நாம் டிராயிங் ஷீட்டில் ஒரு மில்லிமீட்டர் தப்புச் செய்தால் திருப்பி அனுப்புகிறார்கள். மனிதனின் ஒரு வருஷத்தை வரைகிறவர்களுக்கு அளவு வேண்டாமா?

மூன்று: இது நமக்கு, மாணவர்களுக்கு. நம் விருதுநகர் மாவட்டத்தின் தலைமைக் கோர்ட்டு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இலவச சட்ட உதவி கேட்டு அங்கேயே போகலாம். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் கட்டணமில்லாமல் வக்கீல் கிடைக்க 1987-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. இது தெரியாமல்தான் என் பெரியம்மா கம்மலை அடகு வைத்தார். எனக்கும் தெரியவில்லை! மூன்று வருஷம் தெர்மல் இன்ஜினியரிங் படிக்கிற நாம், ஆண்டுக்கு ஒரு நாள் இதற்கு ஒதுக்கினால் என்ன? அடுத்த ஆண்டு மாணவர் மன்றம் சட்ட உதவி வக்கீல் ஒருவரை அழைத்து ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்று இந்த மலரின் மூலமாகவே கேட்டுக் கொள்கிறேன்.

நான்கு: எல்லாவற்றையும்விட முக்கியமானது. நம் கண் முன்னால் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால், அவர் யாராக இருந்தாலும், என்ன செய்திருந்தாலும், நேரத்தைக் குறித்து வையுங்கள். வண்டி நம்பரைக் குறித்து வையுங்கள். யார் வந்தார்கள், எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள். வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் கேட்டால், "பார்த்தேன்" என்று சொல்லுங்கள். கோழிக்கோட்டு மாணவர்கள் செய்தது அவ்வளவுதான். அந்த ஒரு சொல் ஒரு பொய்யை உடைத்தது.

பெரியம்மாவின் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. போன ஏழு மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. அண்ணன் இப்போது ஊரிலேயே கட்டிங் வேலை பார்க்கிறான். கோபம் குறைந்திருக்கிறது, பேச்சும் குறைந்திருக்கிறது. அந்தக் கட்டு எங்கள் வீட்டுப் பரண் மேல் கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்யா, இன்னொருத்தி வந்து கேப்பா, அப்ப எடுத்துக் காட்டணும்" என்றார் பெரியம்மா.

அப்படி ஒருத்தி வந்து கேட்கும்போது விழிக்காமல் பதில் சொல்லும் பிள்ளைகளாக நாம் இருப்போம் நண்பர்களே!